ஆட்டுக்குட்டிக்கு எந்தப் பால் புட்டி? சேலத்தில் கிடைப்பவற்றில் வாங்கத் தக்கதும் தகாததும்

தாய் செத்துப்போன குட்டி, தலைச்சன் ஈற்றுத் தாய் முட்டித் தள்ளிய குட்டி, மடிநோயில் ஒரு காம்பு போன ஆட்டுக்குப் பிறந்த இரட்டையில் நோஞ்சான். இந்த மூன்றுக்கும் புட்டிப் பால்தான் கதி. சேலத்துக் கால்நடை மருந்துக் கடைகள், தீவனக் கடைகள், இணையம் என்று எங்கே தேடினாலும் கிடைப்பது நான்கே வகை: மனிதக் குழந்தையின் பால் புட்டி, பாட்டில் வாயில் இழுத்து மாட்டும் ரப்பர் காம்பு, சோடா பாட்டிலில் திருகும் வால்வு வைத்த சிவப்புக் காம்பு, பல காம்பு பொருத்திய வாளி. அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். நான்கு குட்டி வரை சிவப்புக் காம்பு போதும், அதற்கு மேல் வாளி. மற்ற இரண்டும் வேறு வழியில்லாத ராத்திரிக்கு.

கடையில் நாம் பார்ப்பது கொள்ளளவு, கெட்டி, விலை. குட்டி பார்ப்பது வேறு. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் காசு வீணாகாது.

குட்டி எதைத் தேடுகிறது

நல்ல சுகத்தோடு பிறந்த குட்டி அரை மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் காம்பைப் பிடித்துவிடும். இடையில் அது செய்வதைக் கவனித்தாலே புட்டி எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். முதலில் எதிரே நிற்கும் பெரிய உருவத்தை நோக்கித் தள்ளாடிப் போகும். வயிற்றுக்கடியில் இருட்டாகக் கவிந்த இடத்தில் மூக்கை நுழைக்கும். முன்னங்கால் இடுக்கு, பின்னங்கால் இடுக்கு என்று கால் உடம்போடு சேரும் மூலைகளை மேல்நோக்கி இடிக்கும். மேலுதட்டில் மயிர் பட்டால் நகர்ந்துவிடும். மயிரில்லாத, வழவழப்பான, சூடான தோல் பட்டால் அங்கேயே நின்று துழாவும். மடியை ஒட்டிய தொடை இடுக்கில் மெழுகு மாதிரி ஓர் அழுக்கு ஊறும். அதன் வாடை செம்மறிக் குட்டியை இழுக்கிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. காம்பு வாயில் சிக்கியதும் நாக்கைக் குழித்து இழுக்கும். பால் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் வால் ஆடுவது. அந்த நேரத்தில் தாய் திரும்பி வாலடியை முகர்ந்து நக்கிக்கொண்டே அடித்தொண்டையில் மெல்லக் குரல் கொடுக்கும்.

மூக்கின் பங்கு பிராணிக்குப் பிராணி மாறும். முயல் தாய் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் ஒரே தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். கண் திறக்காத குட்டிகள் அதற்குள் காம்பைப் பிடித்தாக வேண்டும். முயல் பாலில் இருக்கும் 2-மெத்தில்பியூட்-2-ஈனால் என்ற ஒரே சேர்மத்தைக் கண்ணாடிக் குச்சியில் தடவி நீட்டினாலும் குட்டி கவ்வுகிறது என்று 2003-இல் பிரான்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலிகளில் டீச்சர், பிளாஸ் என்ற இருவர் 1976-இல் தாயின் காம்புகளைக் கழுவிப் பார்த்தார்கள். குட்டிகள் பிடிக்கவில்லை. குட்டியின் எச்சிலைத் திரும்பத் தடவியதும் பிடித்தன. மனிதக் குழந்தையும் இதற்கு விலக்கில்லை. தாயின் ஒரு மார்பை மட்டும் கழுவிவிட்டுக் குழந்தையை நடுவில் கிடத்திப் பார்த்த சோதனை 1994-இல் வெளியானது. 30 பச்சிளங்குழந்தைகளில் 22 கழுவாத பக்கம் போயின.

ஆட்டுக்குட்டி மூக்கை மட்டும் நம்பி இருப்பதில்லை. சூடு, வழவழப்பு, உயரம், மேலே கவிந்த இருட்டு எல்லாம் சேர்ந்ததுதான் அதற்கு மடி. ரப்பர் காம்பை மடி என்று நம்பவைக்க முடிவதும் அதனால்தான். ஆனால் இந்தத் தேடலுக்குக் காலக்கெடு உண்டு. தேடித் தேடிக் கிடைக்காத குட்டி சில மணி நேரத்தில் தேடுவதையே விட்டுவிடும், அதற்குள் உடம்பும் குளிர்ந்திருக்கும். மோசமான காம்பை முதல் நாளே வாயில் திணித்து வெறுக்கவைத்தால் இழப்பது ஒரு வேளைப் பாலோடு நிற்காது.

மனிதக் குழந்தையின் புட்டி, சங்கு, மூங்கில் குழாய்

எந்த மருந்துக் கடையிலும், எந்த நேரத்திலும் கிடைக்கும் என்பதுதான் குழந்தைப் புட்டியின் பெருமை. ஒன்றரை கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு நாள் இதன் மெல்லிய சிலிகான் நிப்பிள் நன்றாகவே ஒத்துவரும். பிறகுதான் சிக்கல். குட்டி காம்பை நீளமாக உள்ளே இழுத்துக் குடிக்கும். குட்டையான நிப்பிளில் அதற்குப் பிடி கிடைக்காது, அகன்ற அடிப்பாகம் மூக்கில் இடிக்கும். கீழ்த்தாடை முன்பற்கள் பிறக்கும்போதே இருக்கும், இல்லாவிட்டால் சில நாளில் முளைத்துவிடும். சிலிகானில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், சரசரவென்று கிழியும். கிழிந்த துண்டு வயிற்றுக்குள் போனால் அடைப்பு. வேறு வழியில்லாமல் இதையே பயன்படுத்துவதானால் ஒவ்வொரு வேளையும் நிப்பிளை இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மாட்டுங்கள். முதல் கீறலிலேயே தூக்கிப் போட வேண்டும்.

சங்கும் மூங்கில் குழாயும் கடையில் வாங்கும் சரக்கல்ல. ஆனாலும் புட்டிக்குப் பதில் பலர் கை நீட்டுவது இவற்றுக்குத்தான் என்பதால் இங்கே பேசியாக வேண்டும். ஆட்டுக்கு நான்கு அறை வயிறு. பால் செரிப்பது நான்காவது அறையில். உணவுக்குழாய் முடியும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. குட்டி உறிஞ்சும்போது அதன் இரண்டு ஓரங்களும் கூடி ஒரு குழாயாக மூடிக்கொள்ளும், பால் முதல் அறையைத் தாண்டி முன்னே போய்விடும். மூடு என்ற கட்டளை வாயிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வருகிறது. உறிஞ்சும் செயலும் பாலின் ருசியும்தான் அந்தக் கட்டளை. பழகிய குட்டிக்குப் புட்டியைப் பார்த்த மாத்திரத்திலேயே அது தொடங்கிவிடும். சங்கில் ஊற்றும்போது உறிஞ்சுதல் இல்லை. பள்ளம் அரைகுறையாக மூடும், மிச்சப் பால் முதல் அறையில் விழுந்து புளிக்கும். உப்புசமும் புளித்த வாடை அடிக்கும் கழிச்சலும் அடுத்து வருபவை. இதைவிடப் பெரிய ஆபத்து மூச்சுக்குழல். புட்டியில் எப்போது விழுங்குவது என்பதைக் குட்டி தீர்மானிக்கும், சங்கில் ஊற்றுபவர் தீர்மானிக்கிறார். நுரையீரலில் இறங்கிய பாலுக்கு மருந்து போட்டுக் காப்பாற்றுவது கஷ்டம்.

இழுத்து மாட்டும் ரப்பர் காம்பு

மலிவானது, கிடைப்பது சுலபம், நீளமும் சரி. குறை, காற்று போக வழியில்லாதது. குட்டி உறிஞ்ச உறிஞ்சப் பாட்டிலுக்குள் வெற்றிடம் கூடும், காம்பு உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும், பால் நின்றுவிடும். குட்டி விட்டு விட்டுப் பிடிக்கும், இடையில் காற்றை விழுங்கும். ‘புட்டியைப் பிடிக்கிறது, உடனே விட்டுவிடுகிறது’ என்று சொல்லப்படும் குட்டிகளில் பலவற்றுக்கு நோய் எதுவும் இல்லை, காம்புதான் அடைத்திருக்கும். காம்பின் அடியில், பாட்டில் விளிம்புக்குச் சற்று மேலே, பழுக்கக் காய்ச்சிய தையல் ஊசியால் ஒரே ஒரு பொட்டு ஓட்டை போட்டு, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி தீராது. குட்டி குடிக்கும்போது மடியை முட்டும் வழக்கத்தில் புட்டியையும் முட்டும். ஒரு நல்ல முட்டில் காம்பு கழன்று பால் முழுக்கத் தரையில். பாட்டில் கழுத்தில் நூலோ ரப்பர் வளையமோ சுற்றிக் கட்டலாம், ஆனால் கழுவ ஒவ்வொரு வேளையும் அவிழ்க்க வேண்டும். கண்ணாடி பீர் பாட்டிலில் மாட்டுபவர்கள் பாட்டில் விளிம்பை விரலால் தடவி, சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

புது ரப்பரின் வாடையும் ஒரு தடைதான். பத்து நிமிடம் கொதிக்கவைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி கொதிக்கவைத்தால் பெருமளவு குறையும். பிறகு தாயின் சீம்பாலையோ பாலையோ காம்பின் மேல் தடவிக் கொடுத்தால் தயக்கமில்லாமல் பிடிக்கும். வாசனைச் சோப்பு, டெட்டால், பினாயில் மணக்கும் கையோடு புட்டியைத் தொட வேண்டாம்.

வால்வு வைத்த சிவப்புக் காம்பு

பிரிட்சர்ட் மாதிரி என்று விற்பது. சிவப்பு ரப்பர் காம்பு, அதன் அடியில் மஞ்சள் பிளாஸ்டிக் திருகு மூடி, மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை, துளைக்குள் கடுகளவு உலோகக் குண்டு. இந்தக் குண்டுக்குத்தான் காசு. குட்டி இழுக்கும்போது குண்டு விலகிக் காற்றை உள்ளே விடும், இழுக்காதபோது துளையை அடைத்துப் பாலை நிறுத்தும். காம்பு உள்வாங்குவதில்லை, குட்டி மூச்சு வாங்க விடுவதைத் தவிர வாயை எடுப்பதில்லை. சிவப்பு நிறம் வாங்குபவருக்காக. ஆட்டின் கண்ணுக்குச் சிவப்பு நமக்குத் தெரிகிற மாதிரி தெரியாது. காம்பின் ஒல்லியான வடிவமும் மென்மையும் பிறந்த குட்டியின் வாய்க்குக் கச்சிதம்.

வாங்கியதும் நேராக வாயில் வைக்கக் கூடாது. நுனி பெரும்பாலும் மூடியேதான் வரும். அதை வெட்டுவதில்தான் நல்ல காம்பைக் கெடுப்பதெல்லாம் நடக்கிறது. கூரிய கத்தரியால் நுனியில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். பாலை ஊற்றித் தலைகீழாகப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஓடக் கூடாது. சொட்டே வராவிட்டால் இன்னும் அரை மில்லிமீட்டர். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் குறைவாகத் தொடங்குவதுதான் புத்தி. துளை பெரிதானால் குட்டி இழுக்காமலே பால் தொண்டையில் கொட்டும். இருமும், மூக்கில் பால் வழியும், வால் ஆடாது. துளை சிறிதானால் கன்னம் குழியக் குழிய இழுத்துக் களைத்து, வயிறு நிறையாமலே படுத்துவிடும். ஒரு காம்பை நுண்ணிய வெட்டோடு பிறந்த குட்டிக்கும், இன்னொன்றைச் சற்றுப் பெரிய வெட்டோடு இரண்டு வாரக் குட்டிக்கும் வைத்துக்கொள்வது வசதி.

திருகு, சோடா, கோலா பாட்டில்களின் 28 மில்லிமீட்டர் கழுத்துக்கு ஆனது. குடிநீர்ப் பாட்டில்கள் பலவற்றின் கழுத்து வேறு, குட்டையாகவும் இருக்கும். போலி மூடிகளில் மரையே சரியாக இருக்காது. எனவே பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கடைக்கே கொண்டுபோய், காம்பைத் திருகி, கவிழ்த்து, பாட்டிலை லேசாக அமுக்கிப் பாருங்கள். மரை ஓரத்தில் கசிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். மூடியை முறுக்கு மேல் முறுக்கு வைத்துத் திருகினால் அடி வெடிக்கும், விரல் இறுக்கம் போதும்.

பாட்டில் 250 அல்லது 500 மில்லி அளவே எடுங்கள். நூறு மில்லி பாலை இரண்டு லிட்டர் பாட்டிலில் ஊற்றினால் குட்டி வாய் வைப்பதற்குள் ஆறிவிடும். இந்த பாட்டில்களில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கி மரை கோணிக்கொள்ளும், அதனால் பாட்டிலை மாதம் ஒரு தடவையாவது மாற்றுவது நல்லது. எப்படியும் குப்பைக்குப் போகும் பாட்டில்தானே.

இந்தக் காம்புக்கு இருக்கும் உண்மையான குறை அந்தக் குண்டேதான். காய்ந்த பால் அதில் படிந்தால் குண்டு ஒட்டிக்கொள்ளும். ஒன்று காற்று போகாது, இல்லையென்றால் பால் கசியும். இரண்டுமே காம்பு கெட்டுவிட்ட மாதிரி தோன்றும். வெந்நீரில் போட்டுத் துளையை ஊதிவிட்டு, ஆட்டிப் பார்த்தால் குண்டு உருளும் சத்தம் கேட்க வேண்டும்.

எவ்வளவு, எந்தச் சூட்டில், எப்படிப் பிடித்து

சேலம் கருப்பு வெள்ளாட்டுக் குட்டியும், பொட்டனேரியில் தனி ஆராய்ச்சி நிலையம் வைத்துக் காக்கும் மேச்சேரிச் செம்மறிக் குட்டியும் இரண்டு கிலோவை ஒட்டித்தான் பிறக்கும். முதல் வேளைச் சீம்பால் கிலோவுக்கு 50 மில்லி, அதாவது இரண்டு கிலோக் குட்டிக்கு 100 மில்லி. பிறந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அது உள்ளே போக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மொத்தம் கிலோவுக்கு 200 மில்லி. நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவிலிருக்கும்போது குட்டிக்கு வருவதில்லை, எல்லாம் சீம்பாலில்தான். அவற்றைக் குடல் அப்படியே உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து ஒரு நாளில் அடைபட்டுவிடும். பிறகு முதல் வாரம் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாத பாலை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இரண்டே வேளையில் கொடுத்து முடிப்பது ஆளுக்கு வசதி, குட்டி வயிற்றுக்கு அல்ல.

உறையவைத்த சீம்பாலை அடுப்பில் நேராக வைக்கக் கூடாது. கை பொறுக்கும் சூட்டு நீரில் பாட்டிலோடு நிறுத்தி உருக்குங்கள். 60 டிகிரியைத் தாண்டினால் எதிர்ப்புப் பொருள் சிதையும், பாலும் கெட்டியாகிவிடும். கொடுக்கும்போது சூடு 38 முதல் 40 டிகிரி. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும். பாலைச் சூடாக்கி, காம்பை மட்டும் குளிர்ந்தபடி வைப்பது பொதுவான தப்பு. உதட்டில் முதலில் படுவது காம்புதான், சில்லென்று பட்டால் முகத்தைத் திருப்பும். காம்பையும் ஒரு நிமிடம் வெந்நீரில் முக்கி எடுங்கள்.

புட்டி கொடுக்குமுன் சுத்தமான விரலைக் குட்டியின் வாயில் வையுங்கள். வாய் சூடாக இருந்து விரலை இழுத்தால் பால் கொடுக்கலாம். வாய் சில்லென்று இருந்து, இழுக்கவும் இல்லையென்றால் எந்த நல்ல புட்டியும் உதவாது. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 37 டிகிரிக்குக் கீழே இருந்தால் முதலில் துடைத்து உலர்த்தி, சாக்கு, குண்டு பல்ப் என்று சூடேற்றி, கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அந்த நிலையில் வாயில் ஊற்றிய பால் நுரையீரலுக்குத்தான் போகும். வயிற்றுக்குக் குழாய் விடுவதை மருத்துவர் அருகில் இருந்து கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் செய்யலாம்.

குட்டியை மடியில் மல்லாக்கப் போட்டுக் கைக்குழந்தைக்குக் கொடுப்பது மாதிரி கொடுப்பதைப் பார்க்கிறோம். கூடாது. குட்டி நான்கு காலில் நிற்க வேண்டும், கழுத்து முன்னால் நீண்டு மூக்கு சற்றே மேல்நோக்கி இருக்க வேண்டும். தலையை ஆகாயம் பார்க்கத் தூக்கினாலும் ஆபத்து. அதன் பின்பக்கத்தை உங்கள் கால்களுக்கு நடுவில் நிறுத்தி, ஒரு கையால் தாடையைத் தாங்கி, அதே கையின் விரல்களைக் கண்ணுக்கு மேல் கூரையாகக் கவித்துக்கொள்ளுங்கள். வயிற்றடி இருட்டும் நெற்றியில் ஓர் அழுத்தமும் கிடைத்துவிடும். காம்பால் மேலுதட்டைத் தடவி, வாய் திறக்கும்போது நாக்கின் மேல் வையுங்கள். திணிக்க வேண்டாம். பிடிக்கத் தயங்கினால் இன்னொருவர் வாலடியை ஈரத் துணியால் மெல்லத் தேய்த்துவிடலாம், தாய் நக்குவதுபோல. இத்தனைக்கும் பிடிவாதம் பிடிக்கும் குட்டிகள் இந்தத் தேய்ப்பில் சட்டென்று இழுக்கத் தொடங்குவதுண்டு. ஒவ்வொரு வேளையும் ஒரே மாதிரி குரல் கொடுத்துப் பழக்கினால் நாலைந்து நாளில் அந்தக் குரலுக்கே ஓடிவரும்.

காம்பு வாளி

நான்கு குட்டிக்கு மேல் ஒவ்வொன்றாகப் புட்டி பிடிப்பது ஓர் ஆள் வேலை. ஆறு, எட்டு காம்பு வைத்த வாளி அங்கே கைகொடுக்கும். பட்டிக் கம்பியில் மாட்டும் கொக்கி, மூடி, கழற்றிக் கழுவும் காம்பு இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி இல்லாத வாளி சேலத்து வெயிலில் ஈக்களுக்கான பால் பந்தல்.

உயரம் முக்கியம். காம்பு குட்டியின் முதுகு மட்டத்துக்குச் சற்று மேலே, கழுத்தை நீட்டிக் குடிக்கும்படி இருக்க வேண்டும். வளர வளர ஏற்றிக்கொண்டே போக வேண்டும். தரையில் வைத்த வாளியில் குனிந்து குடித்தால் தோரணையே தலைகீழ். கன்றுகளில் ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்தது: அவை வயிற்றடியின் உயரமான இடத்தைத் தேடிப் போகும், மடி மிகத் தாழத் தொங்கும் மாட்டில் காம்பைத் தாண்டிப் போய்விடும். ஆட்டுக்குட்டியும் மேல்நோக்கி இடிக்கும் இனம்தான். வாளிக்கு மேலே ஒரு சாக்கைக் கூரை மாதிரி தொங்கவிட்டால் புதுக் குட்டி காம்பைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

மலிவு வாளிகளில் காம்பு நேராகச் சுவரில் பொருத்தியிருக்கும், ஒருவழி வால்வு இருக்காது. குட்டி விட்டதும் சொட்டிக்கொண்டே இருக்கும், பாலும் போகும், தரையும் நாறும். வால்வு வைத்தது விலை கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். காம்பு வரை இழுத்த பால் திரும்ப வாளிக்குள் இறங்காது என்பதால் நோஞ்சான் குட்டியும் களைக்காமல் குடிக்கும்.

வாளியின் தீராத குறை, யார் எவ்வளவு குடித்தார்கள் என்று தெரியாது. கிடாக்குட்டி ஒன்று தன் பங்கை முடித்துப் பக்கத்துக் காம்பையும் பறிக்கும். ஒத்த வயது, ஒத்த உடம்பாகப் பிரித்து விட வேண்டும். முதல் நான்கைந்து நாள் புட்டியில் பழக்கிய பிறகே வாளிக்கு மாற்ற வேண்டும், அதுவும் அதே வகைக் காம்பாக இருந்தால் சிரமமில்லை. மாற்றிய பிறகு வாரம் ஒரு தடவை எடை போட்டால்தான் பின்தங்கிய குட்டி தெரியும். கண்ணுக்குத் தெரியும்போது நாள் தாண்டியிருக்கும்.

பால் தீர்ந்ததும் வாளியை எடுத்துவிடாதீர்கள். பாலின் ருசியே உறிஞ்சும் ஆசையைக் கிளப்பிவிடும். வயிறு நிறைந்தாலும் அது உடனே அடங்காது. கன்றுகளில் அடங்கப் பத்து நிமிடம் போல ஆகிறது. வெறும் காம்பு அந்த நேரத்துக்கு வாயில் இல்லையென்றால் குட்டிகள் ஒன்றின் தொப்புளை, விதைப்பையை, காதை மற்றொன்று சப்பும். தொப்புளில் சீழ் வைப்பது பல பட்டிகளில் இப்படித்தான். தட்டில் பால் ஊற்றிக் குடிக்கப் பழக்குவதைவிடக் காம்பு வாளி மேல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழுவுவது

முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பால் புரதம் வெந்து உட்சுவரில் படலமாக ஒட்டிவிடும். பிறகு சூடான நீரில் வாசனையில்லாத சோப்புத்தூள், புட்டித் தூரிகை. காம்பை உள்பக்கம் வெளியே வரப் புரட்டித் தேய்க்க வேண்டும். கடைசியில் சுத்தமான நீரில் அலசி, கவிழ்த்து, நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் ரப்பர் வெடிக்கும். பால் கொழுப்பு ஊறினால் இயற்கை ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கும். அந்த நிலைக்கு வந்த காம்பில் வெட்டும் அகன்றுவிடும், மாற்றிவிடுங்கள். கழிச்சல் கண்ட குட்டிக்குத் தனிக் காம்பு.

பால் பவுடர் பற்றி

கடைகளில் அதிகம் கிடைப்பது கன்றுக்கான பால் பவுடர்தான். ஆட்டுக்குட்டிக்கென்று ஆனதில் கொழுப்பு கூடுதல், செம்மறிக் குட்டிக்கு அந்த வேறுபாடு உடம்பில் தெரியும். கன்றுப் பவுடரைவிடத் தண்ணீர் கலக்காத பசும்பால் பெரும்பாலும் மேல், வெள்ளாட்டுப் பால் கிடைத்தால் அதைவிட மேல். பவுடரே என்றால் பையில் போட்டிருக்கும் அளவைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கைப்பிடிக் கணக்கில் ஒரு நாள் நீர்த்தும் ஒரு நாள் கெட்டியாகவும் போவதுதான் கழிச்சலுக்கு வழி. 45 டிகிரிச் சூட்டு நீரில் கட்டியில்லாமல் அடித்து, 39-க்கு ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். வாடையும் ருசியும் மாறுவதால் ஒரே நாளில் மாற்றினால் முகத்தைத் திருப்பும். முதல் நாள் கால் பங்கு, அடுத்த நாள் பாதி, பிறகு முக்கால் என்று ஏற்றினால் தெரியாமலே பழகிவிடும்.

ஏற்காட்டில் குட்டி வளர்ப்பவர்களுக்கு இரண்டு கூடுதல் குறிப்பு. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், எனவே காம்பைப் பத்து நிமிடத்துக்குப் பதில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மார்கழி, தை விடியற்காலையில் புட்டி நிமிடத்துக்கு நிமிடம் ஆறும். பழைய கம்பளிக் காலுறையைப் பாட்டிலுக்கு மாட்டி, அடுத்த குட்டியின் புட்டியை வெந்நீர் வாளியில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்காருங்கள். அங்கே காம்பு வாளியைப் பனி விலகிய பிறகு, பகல் வேளைக்கு மட்டும் வைத்துக்கொள்வதுதான் சரிப்படும்.